பிரெஞ்சு ஒயினை ஜோடியாக வைத்துச் சுவைப்பது எப்படி

ஒரு கிளாஸ் ஒயினை முகர்ந்து, குடித்து, "நல்லா இருக்கு" என்பதைத் தாண்டி வேறு சொல் வரவில்லையா? உங்கள் நாக்கில் குறை ஏதும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொன்று இல்லாததுதான் காரணம். இரண்டாவது கிளாஸ் வந்ததுமே இது அதைவிடப் புளிக்கிறது, அது ஈறைப் பிடிக்கிறது, இதில் வெண்ணெய் வாசம் வருகிறது என்று சொற்கள் தாமாகவே வரத் தொடங்கும். அதனால் இங்கே சொல்லப்போவதெல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும்.

இதற்கு பிரான்ஸ் வாய்ப்பான நாடு. அங்கே பெரும்பாலான ஒயினுக்கு ஊர்ப் பெயர்தான் பெயர். எந்த ஊர் எல்லைக்குள் எந்தத் திராட்சையை வளர்க்கலாம், எப்படி ஒயினாக்கலாம் என்பதை 1935இல் உருவான ஏ.ஓ.சி. சட்டமுறை வரையறுக்கிறது. லேபிளில் ஷாப்லி என்று இருந்தால் உள்ளே இருப்பது ஷார்டனே திராட்சை மட்டுமே. சிவப்பு சான்செர் என்றால் பினோ நுவார் மட்டுமே. ஆகவே திராட்சையை மாற்றாமல் ஊரை மட்டும் மாற்றலாம். ஊரை மாற்றாமல் அறுவடை ஆண்டை மட்டும் மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஊர், திராட்சை, ஆண்டு மூன்றும் வேறான இரண்டு பாட்டிலை வைத்தால், தெரியும் வேற்றுமைக்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

புளிப்பு, துவர்ப்பு, கசப்பு

வெள்ளை ஒயினுக்குத் திராட்சையை முதலிலேயே பிழிந்து, சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். சிவப்பு ஒயினில் கருந்திராட்சையின் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்து நாள்கணக்கில் ஊறுகின்றன. நிறமும், துவர்ப்பைத் தரும் டானினும் வருவது அந்த ஊறலில்தான். ஒயினுக்கான கருந்திராட்சை பெரும்பாலானவற்றில் சாற்றுக்கு நிறமே கிடையாது. ஆகவே வெள்ளையைத் தாங்கி நிற்பது புளிப்பு. சிவப்பில் புளிப்போடு துவர்ப்பும் சேர்ந்து தாங்குகிறது. இந்த இரண்டையும் வாய்க்குள் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

துவர்ப்பு என்று தனிச் சொல் நமக்கு அறுசுவைக் கணக்கிலேயே இருப்பது பெரிய வசதி. ஆனாலும் துவர்ப்பும் கசப்பும் பல நேரம் சேர்ந்தே வருவதால் குழப்பிக்கொள்வது சகஜம். தேயிலையை வைத்து இதைப் பிரிக்கலாம். இரண்டு கப்பில் ஒரே அளவு கறுப்புத் தேயிலை, ஒரே அளவு கொதிநீர். ஒன்றை 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள், மற்றதை 10 நிமிடத்தில். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் ஆறவிட்டு ஒவ்வொரு வாய் குடித்துத் துப்புங்கள். இரண்டாவது கப்புக்குப் பிறகு நாக்கை மேல்வரிசைப் பற்களின் மேல் ஓட்டினால் வழுக்காது. துணி உரசுவது போல இருக்கும். அதுதான் டானின். உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. கசப்பு நாக்குக்குத் தெரியும் சுவை. துவர்ப்பு ஈறும் கன்னத்தின் உட்புறமும் உணரும் உரசல்.

புளிப்பு இதற்கு நேர் எதிர். உமிழ்நீரை வற்றவைக்காது, ஊறவைக்கும். ஒயினைத் துப்பிய பிறகு வாயை லேசாகத் திறந்து தலையைக் குனியுங்கள். எவ்வளவு வேகமாக எச்சில் கூடுகிறதோ அவ்வளவு புளிப்பு. இனிப்பு இருக்கும் ஒயினில் நாக்கு ஏமாந்துபோகும், இந்தச் சோதனை ஏமாறாது. சந்தேகம் இருந்தால் 200 மில்லி தண்ணீரில் 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து இரண்டு டம்ளர் தயாரியுங்கள். ஒன்றில் மட்டும் 3 தேக்கரண்டி சர்க்கரை. சர்க்கரை போட்டது புளிப்பு குறைந்ததாகத் தோன்றும். எச்சில் இரண்டிலும் ஊறும்.

மேசையைத் தயாரிப்பது

கிளாஸ் எல்லாம் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். இதில் சமரசம் கூடாது. வடிவம் மாறினால் வாசனை மாறும், நீங்கள் ஒப்பிடுவது ஒயினையா கிளாஸையா என்று தெரியாமல் போய்விடும். பிரெஞ்சுக்காரர்கள் 'இநாவோ கிளாஸ்' என்று அழைக்கும் துலிப் வடிவக் கிளாஸ் இதற்காகவே 1970களில் தரப்படுத்தப்பட்டது. கொள்ளளவு 215 மில்லி அளவு, வாய் உள்நோக்கிக் குறுகியிருக்கும். அதில் 50 மில்லி ஊற்றுவதுதான் கணக்கு. ஒரு 750 மில்லி பாட்டிலில் வண்டலை விட்டுவிட்டால் 14 பேருக்கு வரும். முதல் சில தடவை அளவுக் குடுவையில் அளந்து ஊற்றுங்கள். ஒன்றில் கூடுதலாக ஊற்றினால் அதன் நிறம் அடர்த்தியாகத் தெரியும், வாசனையும் வேறு மாதிரி எழும்.

கிளாஸை முகர்ந்து பார்க்காமல் ஒயின் ஊற்றாதீர்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸ் மரப் பலகையின் வாசனையைப் பிடித்து வைத்திருக்கும். சோப்புப் படலம் மிச்சமிருந்தால் ஒயின் மந்தமாகிவிடும். வெந்நீரில் அலசி, காற்றில் உலரவிட்டு, முதல் ஒயினின் சில துளியை விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுவது நல்ல பழக்கம். வாசனைத் திரவியம், மணமுள்ள கைக்களிம்பு, பக்கத்து அறையில் தாளிப்பு எதுவும் இருக்கக் கூடாது. பல் துலக்கியோ காபி குடித்தோ ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

வெப்பநிலையில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் கெடுகின்றன. முஸ்கடே, சான்செர் போன்ற மெல்லிய வெள்ளைக்கு 8 முதல் 10 டிகிரி. பீப்பாயில் வளர்ந்த பர்கண்டி வெள்ளைக்கு 11 முதல் 13. போஜொலே, ஷினோன் போன்ற மெல்லிய சிவப்புக்கு 13 முதல் 15. போர்தோ, ரோன் சிவப்புக்கு 16 முதல் 18. சிவப்பு ஒயினை அறையின் சூட்டிலேயே ஊற்றலாம் என்ற வழக்கு, அறைகளே 17, 18 டிகிரியில் இருந்த காலத்துப் பேச்சு. 25 டிகிரியில் ஊற்றிய சிவப்பில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். வெள்ளையை ஃபிரிட்ஜிலிருந்து நேராக 4, 5 டிகிரியில் எடுத்து ஊற்றினால் வாசனையே எழாது, புளிப்பு மட்டும் தெரியும். குளிர்ச்சி டானினையும் கசப்பையும் கூர்மையாக்கும். சூடு இனிப்பையும் ஆல்கஹாலையும் தூக்கிக் காட்டும். இதை நம்ப முடியவில்லை என்றால் ஒரே சிவப்பு ஒயினை 10 டிகிரியில் ஒரு கிளாஸ், 18 டிகிரியில் ஒரு கிளாஸ் ஊற்றிப் பாருங்கள். வேறு வேறு பாட்டில் என்றே பலரும் சொல்வார்கள். பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் நிரம்பிய வாளியில் பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் சுமார் 20 நிமிடத்தில் வெள்ளைக்கு வேண்டிய குளிர் வந்துவிடும். ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று, இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கிளாஸில் ஊற்றியதும் சூடு ஏறத் தொடங்குவதால், வேண்டியதைவிட 2 டிகிரி குறைவாக ஊற்றுங்கள். ஒரு ஜோடியின் இரண்டு கிளாஸும் ஒரே வெப்பநிலையில் இருப்பது, எந்த வெப்பநிலை என்பதைவிட முக்கியம்.

துப்புவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் வேண்டும். 13 சதவீத ஒயினில் 50 மில்லியில் சுமார் 5 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஆறு கிளாஸ் விழுங்கினால் 30 கிராம், அதாவது 10 கிராம் கொண்ட பிரெஞ்சுக் கணக்கில் மூன்று முழு டிரிங்க். நாலாவது கிளாஸுக்கு மேல் மூக்கும் தீர்ப்பும் மழுங்கிப்போகும். பிரான்சில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2 என்பதையும் நினைவில் வையுங்கள். துப்பினாலும் வாயின் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும்.

கிளாஸ் கையில் வந்த பிறகு

தண்டைப் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸை 45 டிகிரி சாய்த்து, நடுவிலும் விளிம்பிலும் நிறம் பாருங்கள். வயதாக ஆக வெள்ளை ஒயின் பச்சை கலந்த வெளிர்மஞ்சளிலிருந்து பொன்னிறத்துக்குப் போகும். சிவப்பு ஊதாவிலிருந்து செங்கல் நிறத்துக்கு வெளுக்கும். விளிம்பில்தான் இது முதலில் தெரியும். கிளாஸின் உட்சுவரில் வழியும் 'கண்ணீர்' பற்றி நிறையப் பேசுவார்கள். அது ஆல்கஹால் ஆவியாவதால் வரும் ஓட்டம், தரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

மூக்குக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் கிளாஸை ஆட்டாமல் முகருங்கள். எளிதில் பறக்கும் மெல்லிய வாசனையும், பாட்டிலில் குறை இருந்தால் அதன் வாசனையும் இங்கேதான் பிடிபடும். பிறகு மேசைமேல் வைத்தபடியே நாலைந்து சுற்றுச் சுழற்றி மறுபடி முகருங்கள். நீளமாக உறிஞ்சாமல் இரண்டு மூன்று குட்டி மூச்சுகள் போதும். அரை நிமிடத்துக்குள் மூக்கு அந்த வாசனைக்குப் பழகி மரத்துவிடும். அப்போது கிளாஸைத் தள்ளி வைத்து, வெறும் தண்ணீரையோ உங்கள் சட்டைக் கையையோ முகர்ந்து, ஒரு நிமிடம் விட்டுத் திரும்புங்கள். பழத்தின் பெயரைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பழமா, பூவா, பச்சிலையா, மசாலாவா, வறுத்ததா, மண்ணா என்று முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள். எலுமிச்சையா பம்ப்ளிமாஸா என்பது பிறகு வரும்.

வாயில் எடுப்பது ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவாக, 8 முதல் 10 மில்லி. எல்லா ஒயினுக்கும் அதே அளவு. நாக்கு, கன்னம், ஈறு எல்லாம் நனையும்படி 8 முதல் 10 விநாடி சுழற்றி, உதட்டைக் குவித்து லேசாகக் காற்றை உள்ளே இழுங்கள். ஒயின் சூடேறி, வாசனை தொண்டைக்குப் பின்புறமாக மூக்குக்கு ஏறும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி இப்படிப் பின்வாசலில் வரும் வாசனைதான். துப்பிய பிறகு மூக்கின் வழியே மூச்சை விட்டு, வாசனை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஒரு விநாடிக்கு 'கோதாலி' என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். எளிய ஒயின் மூன்று நான்கில் முடிந்துவிடும். பத்தைத் தாண்டினால் நீளமானது. எண்ண வேண்டியது வாசனையை மட்டும். புளிப்பும் துவர்ப்பும் வாயில் இன்னும் நெடுநேரம் கிடக்கும், அவற்றையும் சேர்த்து எண்ணுவதுதான் வழக்கமான பிழை.

சிவப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டானின் ஒவ்வொரு வாய்க்கும் ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் அடுத்த வாய் வருவதற்குள் உமிழ்நீர் பழைய நிலைக்கு வருவதில்லை. ஆகவே மூன்றாவது கிளாஸ் எதுவாக இருந்தாலும் அதுவே கடுமையாகத் தோன்றும். இதற்கு மருந்து: ஒவ்வொரு வாய்க்கும் நடுவே 2 நிமிடம், ஒரு வாய் தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு, ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை சுவைத்த பிறகு, கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பி வருவது. இரண்டு தடவையும் ஒரே தீர்ப்பு வந்தால்தான் எழுதுங்கள். சீஸை ஒப்பீடு முடியும்வரை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அமுக்கிவிடும்.

வரிசை: சர்க்கரையற்றது முன், இனிப்பு பின், மெல்லியது முன், கனமானது பின், வெள்ளை முன், சிவப்பு பின். கடைசியது மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி என்று நினைக்காதீர்கள். பர்கண்டியின் நிலவறைகளில் பினோ நுவாரை முதலில் தந்து, ஷார்டனேயைப் பிறகு தருவது பரவலான வழக்கம். கடும் புளிப்புக்குப் பின் வரும் டானின் கூடுதலாக உறுத்தும் என்பது அவர்கள் சொல்லும் காரணம், அதில் நியாயம் இருக்கிறது.

வெள்ளையில் தொடங்க

முதல் ஜோடியாக ஷாப்லி, புய்யி ஃபுய்சே இரண்டையும் வைப்பது மிக நல்லது. இரண்டும் பர்கண்டி, இரண்டும் ஷார்டனே மட்டும். ஷாப்லி வடகோடியில், சிப்பிப் புதைபடிவம் நிறைந்த சுண்ணாம்பு மண்ணில், குளிரில் விளைவது. சாதாரண ஷாப்லி பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் வளர்கிறது. புய்யி ஃபுய்சே தென்கோடியில், கூடுதல் வெயிலில் விளைந்து, பெரும்பாலும் ஓக் பீப்பாயில் வளர்கிறது. முதலாவதில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், நனைந்த கல். இரண்டாவதில் பழுத்த பீச், வறுத்த ரொட்டி, சில நேரம் வெண்ணெய். அந்த வெண்ணெயைப் பீப்பாயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியா உண்டாக்கும் டையசெட்டைல்தான் அதற்குக் காரணம். எஃகுத் தொட்டியிலும் அது நடக்கும். பீப்பாய் தருவது வனிலா, கிராம்பு, வறுவல், புகை. 'பிரெமியே க்ரூ', 'கிராண்ட் க்ரூ' என்ற உயர்தரப் பிரிவுகளில் சில ஷாப்லி பாட்டில்கள் பீப்பாயில் வளர்ந்தவை. அவற்றை இந்த ஜோடிக்கு எடுத்தால் வேற்றுமை பாதி காணாமல் போகும், ஆகவே லேபிளில் வெறும் ஷாப்லி என்று இருப்பதையே வாங்குங்கள்.

அடுத்தது லுவார் ஆற்றங்கரையின் வூவ்ரே. ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆண்டு, ஒன்று 'செக்' (சர்க்கரையற்றது), மற்றது 'தெமி செக்' (ஓரளவு இனிப்பானது). திராட்சை இரண்டிலும் ஷெனின் ப்ளாங். மேலே சொன்ன எலுமிச்சைத் தண்ணீர்ப் பயிற்சி இங்கே அப்படியே கைகொடுக்கும். எச்சில் சோதனை செய்யாதவர் தெமி செக்கில் புளிப்பு குறைவு என்றே எழுதிவைப்பார். ஐரோப்பியச் சட்டத்திலும் இந்தத் தராசு உண்டு: 'செக்' என்று போட லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை இருக்கலாம், புளிப்பு ஈடுகொடுக்கும் அளவுக்கு இருந்தால் 9 கிராம் வரையிலும் அனுமதி. அல்சாஸ் ரீஸ்லிங் வாங்குவோருக்கு இனிப்பின் அளவு பெரும் புதிராக இருந்தது. 2021 அறுவடையிலிருந்து அங்கே லேபிளில் அதைக் குறிப்பிடுவது கட்டாயம்.

சோவின்யோன் ப்ளாங் என்ற வெள்ளைத் திராட்சைக்கு சான்செரையும் போர்தோவின் கிராவ் வெள்ளையையும் வைக்கலாம். முன்னதில் சோவின்யோன் தனியாக நிற்கிறது. பின்னதில் செமியோன் திராட்சையும் சேர்வதால் மெழுகு, தேன் போன்ற கனம் வருகிறது. முஸ்கடேயை விட்டுவிடாதீர்கள். பிரான்சில் பத்து யூரோவுக்குள் கிடைப்பதால் அதை அலட்சியமாகக் கடந்துபோகிறார்கள். வாசனை அடக்கமானதுதான், ஆனால் 'சூர் லி' என்று போட்டிருந்தால் ஒரு குளிர்காலமாவது ஈஸ்ட் வண்டலின் மேலேயே இருந்து வந்தது என்று பொருள். அந்த வண்டல் தரும் லேசான ரொட்டி மணமும் நாக்கில் படும் திரட்சியும் கவனித்தால் தெரியும்.

சிவப்பில்

போஜொலே வில்லாஜையும் எளிய 'பூர்கோன்' (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்) பினோ நுவாரையும் சேர்த்து வையுங்கள். பக்கத்துப் பக்கத்து மண்டலம், வேறு திராட்சை. போஜொலேயின் கமே திராட்சையைப் பெரும்பாலும் குலை குலையாக நசுக்காமல் தொட்டியில் போடுகிறார்கள். கரியமில வாயு சூழ்ந்த நிலையில் பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கும். அதனால் துவர்ப்பு குறைந்து, செம்பழ மிட்டாய் வாசனையும், சில பாட்டிலில் வாழைப்பழ வாசனையும் வருகிறது. பினோவில் செர்ரி, ஈர மண், கொஞ்சம் கூடுதலான பிடிமானம். இரண்டையும் 14 டிகிரியில் ஊற்றுங்கள்.

போர்தோவில் நதியின் இடக்கரைக்கும் வலக்கரைக்கும் உள்ள வேற்றுமையைப் பார்க்கவே பலர் ஆசைப்படுகிறார்கள். இடக்கரையின் சரளை மண்ணில் காபர்நே சோவின்யோன் ஆட்சி. வலக்கரையில் சாந்த் எமிலியோனின் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த நிலத்தில் மெர்லோ. காபர்நேயின் டானின் முன்ஈறுகளைப் பிடித்து நிற்கும், வாசனையில் காசிஸ் என்ற கருநிறச் சிறுபழம், தேவதாரு, குடைமிளகாய்ப் பச்சை. மெர்லோ வாயின் நடுவில் திரண்டு, பிளம் பழமாக உருளும். ஆனால் வெறுமனே 'மெடோக்' என்று போட்ட மலிவுப் பாட்டிலை இடக்கரைக்கு எடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான், ஏனென்றால் அவற்றில் பலவற்றில் மெர்லோவே பாதிக்கு வரும். இடக்கரை ஊர்களான போயாக் அல்லது சாந்த் ஜூலியன் எடுங்கள், இல்லாவிட்டால் பின் லேபிளில் விகிதத்தைப் படித்து வாங்குங்கள். இரண்டும் ஒரே ஆண்டாக இருக்கட்டும். 1855இல் போர்தோ ஒயின்களுக்குச் செய்த தர வகைப்பாட்டில் இடம்பெற்ற பெரிய ஷாத்தோக்களுக்கு (ஒயின் பண்ணைகளுக்கு) இந்தப் பயிற்சியில் வேலை இல்லை. இளம் வயதில் அவை மூடிக்கிடக்கும், காசும் வீண்.

ரோனில் வடக்குக்கு க்ரோஸ் எர்மிதாஜ், தெற்குக்கு ஜிகோன்தாஸ். வடக்கில் சிரா, தெற்கில் க்ரெனாஷ் முதன்மை. சிராவின் அடையாளம் மிளகு. அந்த வாசனை ரோட்டண்டோன் என்ற சேர்மத்திலிருந்து வருகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கில் ஏறவே ஏறாது. பக்கத்தில் இருப்பவர் மிளகு மிளகு என்று சொல்ல உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜிகோன்தாஸில் பெரும்பாலும் 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். நிறம் மட்டும் அவ்வளவு கருமையாக இராது. நிறத்தை வைத்துக் கனத்தை ஊகிக்கக் கூடாது என்பதற்கு க்ரெனாஷ் நல்ல பாடம்.

ஆண்டின் வேற்றுமையைப் பார்க்க, ஒரே தயாரிப்பாளரின் ஒரே ஒயினில் 2021, 2022 இரண்டையும் தேடிப் பிடியுங்கள். 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்க உறைபனி கொடிகளைக் கருக்கியது, கோடையும் குளிர்ந்தே இருந்தது. 2022 வெப்பமும் வறட்சியும். முன்னதில் புளிப்பும் பச்சையும், பின்னதில் பழுத்த பழமும் ஆல்கஹாலும். இது வெள்ளையிலும் சிவப்பிலும் தெரியும்.

கண்ணை மறைத்து

லேபிளைப் பார்த்துவிட்டால் மூக்கு அதற்கேற்பவே பேசும். நிறமும் அப்படித்தான். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கான சொற்களாலேயே அதை அவர்கள் வர்ணித்தார்கள். ஆகவே பாட்டில்களைக் காகிதப் பையில் சுற்றி, கழுத்தின் உலோகத் தாளையும் முழுக்க அகற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். கிளாஸில் எழுத்து மட்டும் ஒட்டியிருந்தால் போதும்.

வெள்ளை, சிவப்பு இரண்டையுமே கறுப்புக் கிளாஸில் ஊற்றிப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி. கறுப்புக் கிளாஸ் இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிக்கொள்ளலாம். பீப்பாய் படாத வெள்ளையும் மெல்லிய போஜொலேயும் இரண்டும் 13 டிகிரியில். குளிர்ச்சியை வைத்து ஊகிக்க வழியில்லாமல் போனதும் தடுமாற்றம் தொடங்கும். அப்போது பழ வாசனையை விட்டுவிட்டு, துப்பிய பின் நாக்கைப் பற்களின் மேல் ஓட்டுங்கள். உரசினால் சிவப்பு.

நிஜமாகவே வேற்றுமை தெரிகிறதா என்று உறுதிசெய்ய முக்கோணச் சோதனை. மூன்று கிளாஸில் இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறானது எது? குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும் என்பதால் ஒருமுறை செய்தால் பொருள் இல்லை. இடம் மாற்றி மாற்றி ஆறு தடவை செய்யுங்கள். ஐந்து தடவையாவது சரியாக வந்தால் நம்பலாம். வெறும் அதிர்ஷ்டத்தால் அப்படி அமைய ஐம்பதில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

குறிப்பு எழுதும்போது மதிப்பெண் போடாதீர்கள். பிரான்சில் 20க்குப் போடும் வழக்கம் இருக்கிறது. ஆனால் 14க்கும் 15க்கும் என்ன வேற்றுமை என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது. "அ-வைவிட ஆ-வில் புளிப்பு கூடுதல், துவர்ப்பு சமம், நீளம் 4 விநாடி குறைவு" என்று ஒப்பிட்டு எழுதினால் ஓராண்டு கழித்தும் பயன்படும். பேசுவதற்கு முன் எல்லோரும் எழுதி முடித்திருக்க வேண்டும். ஒருவர் வாயிலிருந்து "வனிலா" வந்துவிட்டால் மேசை முழுக்க வனிலா மணக்கத் தொடங்கிவிடும்.

பாட்டிலே கெட்டிருந்தால்

கெட்ட பாட்டிலை ஊரின் குணம் என்று எடுத்துக்கொள்வது வருத்தமான பிழை. நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த நிலவறை வாசனை வந்தால் அது கார்க்கிலிருந்து இறங்கிய டி.சி.ஏ. என்ற சேர்மம். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும். மிகக் குறைவாக இருக்கும்போது அட்டை வாசனையே வராது, பழ வாசனை மட்டும் அடங்கி ஒயின் ஊமையாகிவிடும். ஏமாற்றுவது இந்த நிலைதான். கிளாஸில் பத்து நிமிடம் விட்டால் குறையாமல் கூடும். அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி வாசனை வேறு கதை. காற்றுப் படாமல் இருந்ததால் வரும் கந்தகச் சேர்மங்கள் அவை. டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அரைமணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். முதலாவது கூடுகிறது, இரண்டாவது குறைகிறது. ஆகவே சந்தேகம் வந்தால் கொட்டிவிடாமல் காத்திருந்து மறுபடி முகருங்கள்.

நகப்பூச்சு அகற்றும் திரவம் போல அடித்தால் எதைல் அசிட்டேட், வினிகரின் உறவு. இளம் வெள்ளை ஒயின் பழுப்பேறி, அடிபட்ட ஆப்பிள் மணந்தால் காற்றுப் பட்டுக் கெட்டது. குதிரை லாயம், வியர்த்த தோல் வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. தென் ரோனில் கொஞ்சமாக இருந்தால் ரசிப்பவர்களும் உண்டு, ஒப்பீட்டில் அது எல்லாவற்றையும் மறைத்துவிடும். கார்க்கின் உட்புறத்திலோ வெள்ளை ஒயினின் அடியிலோ கண்ணாடித் தூள் போல மின்னினால் பயப்பட வேண்டாம். குளிரில் படிந்த டார்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கற்றது. முக்கியமான ஜோடிக்கு ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் கூடுதலாக வைத்திருப்பது நல்லது.

மிஞ்சியதை வீணாக்க வேண்டாம். 375 மில்லி காலி பாட்டில்களைச் சுத்தம் செய்து தயாராக வைத்திருந்து, திறந்த உடனேயே பாதியை அதில் கழுத்துவரை நிரப்பி மூடிவிட்டால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். சிவப்பையும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள், சுவைக்கும் முன் ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வைத்தால் போதும். அப்படி நிரப்பாமல் அரைப் பாட்டிலாகக் காற்றோடு விட்ட அதே ஒயினை மறுநாள் அதன் பக்கத்தில் ஊற்றுங்கள். காற்று ஓர் இரவில் என்ன செய்கிறது என்பதற்கு அது ஒரு தனி ஜோடி.